ஆங்கிலப் பத்தி படித்தும் பிடிபடவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்து, கீழே உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னால் தடுமாறுகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கு வொகாபுலரி கம்மி." வங்கித் தேர்வுக்கும், வெளிநாடு போக எழுதும் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கும் தயாராகிறவர்களோடு மாலை நேரத்தில் உட்காருவது என் வேலை. நான் பார்த்தவரை பலருக்குக் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அது தெரியாமல் சொற்பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, பழைய மதிப்பெண்ணோடு திரும்பி வருகிறார்கள்.

அலுவலக மெயில் புரிகிறது, செய்தித் தலைப்பு புரிகிறது, ஆனால் 400 சொல் கொண்ட கட்டுரை என்றால் மூச்சு வாங்குகிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இது உதவாது.

## முதலில் இந்தச் சோதனை

முன்பு பார்க்காத 300 முதல் 400 சொல் வரையுள்ள ஒரு பத்தியை, கேள்விகளோடு எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் வேண்டாம், அகராதி வேண்டாம். தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு மட்டும் போட்டுக்கொண்டே முழுதும் படியுங்கள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படித்ததைத் தமிழில் நாலு வாக்கியத்தில் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். அதற்கப்புறம்தான் கேள்விகள்.

- 100 சொல்லுக்கு 5க்கு மேல் அடிக்கோடு விழுந்ததா? அறிகுறி 1.
- சொற்கள் தெரிந்தும் சில வாக்கியங்கள் பிடிபடவில்லையா? அறிகுறி 2.
- வாக்கியங்கள் புரிந்தும் நாலு வாக்கியம் சொல்ல வரவில்லையா? அறிகுறி 3.
- அழகாகச் சொல்லிவிட்டு, கேள்வியில் தப்பு விட்டீர்களா? அறிகுறி 4.
- எல்லாம் சரி, நேரம் வைத்தால் மட்டும் சரிகிறதா? அறிகுறி 5.

இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் மேலே உள்ளதை முதலில் கவனியுங்கள். 2 சரியாகாமல் 5ஐத் தொடுவது வீண்.

## அறிகுறி 1: வரிக்கு வரி தெரியாத சொல்

பத்தி உங்களுக்கு மீறியதாக இருக்கலாம். இதைச் சரிசெய்யக் காசு செலவில்லை. 100 சொல்லில் தெரியாதது இரண்டுக்குள் என்றால் சுகமாகப் படிக்கலாம். மூன்று முதல் ஐந்து என்றால் பயிற்சிக்கு ஏற்றது. அதற்கு மேல் போனால் மூடிவையுங்கள். "தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் படி" என்ற அறிவுரையை எல்லாரும் கேட்டிருப்போம். இடைநிலையில் இருப்பவருக்கு இதைவிடக் கெட்ட அறிவுரை எனக்குத் தெரியாது. தலையங்கம், அந்தச் சர்ச்சையை ஏற்கெனவே தொடர்ந்து வருகிறவருக்காக எழுதப்படுவது. அதே நாளிதழில் மாவட்டச் செய்தியும் விளையாட்டுப் பக்கமும் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்குங்கள்.

தரம் பிரித்த கதைப் புத்தகங்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் புக்வார்ம்ஸ் வரிசையில் மூன்றாம் நிலை சுமார் 1000 வெவ்வேறு அடிப்படைச் சொல்லுக்குள்ளும், ஐந்தாம் நிலை 1800க்குள்ளும், ஆறாம் நிலை 2500க்குள்ளும் எழுதப்பட்டவை. மூன்றில் தொடங்கி ஏறலாம். காசு கொடுத்து வாங்கும் முன் உங்கள் மாவட்ட மைய நூலகத்திலோ, சென்னைக்காரர் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ தேடிப்பாருங்கள். சிறுவர் பிரிவுக்குப் போகக் கூச்சம் வேண்டாம். இணையத்தில் எளிய ஆங்கில விக்கிப்பீடியா இலவசம்.

கை அகராதிக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். தெரியாத சொல் வந்ததும் போனை எடுத்தால், திரும்பி வரும்போது வாக்கியம் ஆறிப்போயிருக்கும். பத்தி முடியும் வரை போக வேண்டியதுதான். இரண்டாம் முறை வந்த சொல்லையும், கேள்விக்குத் தேவைப்பட்ட சொல்லையும் மட்டும் அப்புறம் பாருங்கள். நீங்கள் அடிக்கோடிட்டதில் சில, செடியின் பெயராகவோ வேதிப்பொருளின் பெயராகவோ இருக்கும். "ஏதோ ஒரு செடி" என்று வைத்துக்கொண்டு நகர்ந்தால் போதும். ஐஈஎல்டிஎஸ்ஸில் கடினமான துறைச்சொல் வந்தால் பத்தியின் அடியில் அவர்களே சிறு விளக்கம் கொடுப்பதும் உண்டு.

உண்மையிலேயே சொல்வளம் குறைவாக இருக்கலாம். இதைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். அவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட அகடமிக் வேர்ட் லிஸ்ட் என்ற பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் ஒரு குடும்பம்) இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும். எங்காவது ஒரு இடத்தில் 50 சொல்லை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் தெரியவில்லை என்றால் சொல் படிப்பதில் நியாயம் உண்டு. வாரம் 15 குடும்பம் என்றால் 38 வாரத்தில் முடியும். பாதிக்கு மேல் தெரிந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

## அறிகுறி 2: சொல்லெல்லாம் தெரியும், வாக்கியம் புரியவில்லை

என்னிடம் அதிகம் வருவது இதுதான். "வொகாபுலரி கம்மி" என்பவர்களில் பலர் இந்த வகை.

எழுவாயும் வினையும் தூரமாக நிற்கலாம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "தி ரிப்போர்ட் தட் தி கமிட்டி செட் அப் லாஸ்ட் இயர் ஹேட் பிரிபேர்ட் வாஸ் ரிஜெக்டட்." ஒரு சொல்கூடக் கடினமில்லை. என்ன நிராகரிக்கப்பட்டது என்று கேட்டால் பாதிப் பேர் கமிட்டி என்பார்கள். ரிப்போர்ட்டுக்கும் அதன் வினைக்கும் நடுவில் கமிட்டி வந்து உட்கார்ந்துகொண்டதுதான் குழப்பத்துக்குக் காரணம். "போன வருடம் அமைத்த குழு தயாரித்த அறிக்கை நிராகரிக்கப்பட்டது" என்று நாம் அடைமொழியெல்லாம் முன்னால் போட்டுவிடுவோம். ஆங்கிலம் பெயரை முதலில் சொல்லிவிட்டு, விவரத்தைப் பின்னால் தொங்கவிடும்.

சரிசெய்யும் முறை இது: வாக்கியத்தை முடித்துவைக்கும் வினையைக் கண்டுபிடியுங்கள். இங்கே "வாஸ் ரிஜெக்டட்." அதற்கு "எது?" என்று கேளுங்கள். ரிப்போர்ட். மற்றதைப் பென்சிலால் அடைப்புக்குள் போடுங்கள். பத்தியில் நீளமான ஐந்து வாக்கியங்களை எடுத்து எழுவாயையும் வினையையும் மட்டும் எழுதிப் பாருங்கள். நாலு சரியென்றால் உங்கள் கோளாறு இதுவல்ல, கீழே போங்கள். சரியில்லை என்றால் தினமும் ஐந்து வாக்கியம் செய்யுங்கள், ஒரு மாதம் போதும். அலுப்பான வேலைதான். ஆனால் இவ்வளவு பலன் தரும் வேறு பயிற்சியை நான் பார்த்ததில்லை.

சின்னச் சொல் பொருளைக் கவிழ்த்திருக்கலாம். "எ ஃபியூ பீப்பிள் கேம்" என்றால் சிலர் வந்தார்கள். "ஃபியூ பீப்பிள் கேம்" என்றால் கிட்டத்தட்ட யாரும் வரவில்லை. "குவைட் எ ஃபியூ" என்றால் நிறையப் பேர். அந்த ஒற்றை "எ"யைக் கண் தாண்டிப் போனால் பத்தியே தலைகீழ். "ஹார்ட்லி", "அன்லெஸ்", "ஃபெயில்ட் டு", "எனிதிங் பட்" எல்லாம் இந்தக் கூட்டம்தான். "நாட்" இல்லாமலே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வாரத்துக்கு இவற்றை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள்.

தெரிந்த சொல் வேறு வேலை பார்க்கலாம். அரசு ஒரு பிரச்சினையை "அட்ரஸ்" செய்தது என்று வந்தால் அது முகவரி எழுதியதாக இருக்காது. பொருளாதாரக் கட்டுரையில் "இன்ட்ரஸ்ட்" வட்டியாக இருக்கும். "ஃபைன்" அபராதமாகவும் வரும். வாக்கியம் சிரிப்பாக வந்தால் அல்லது சம்பந்தமில்லாமல் வந்தால், தெரிந்த சொல்லைத்தான் முதலில் அகராதியில் பார்க்க வேண்டும். "புட் ஆஃப்", "புட் அவுட்", "புட் அப் வித்" போன்றவையும் அப்படித்தான். பிரித்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, சேர்த்தே தேடுங்கள்.

இலக்கண அடித்தளம் ஆடலாம். செயப்பாட்டு வினையும் "ஹேட் பீன்" வகைகளும் ஒவ்வொரு முறையும் குழப்பினால், வாசிப்புப் பயிற்சியைச் சில வாரம் நிறுத்திவிட்டு விடைகளோடு வரும் ஒரு இலக்கணப் பயிற்சிப் புத்தகத்தை முடியுங்கள். அதற்குப் பிறகும் அந்த ஐந்து வாக்கியச் சோதனையில் தேறவில்லை என்றால் ஆசிரியர் தேவை.

## அறிகுறி 3: கடைசி வரி வரும்போது முதல் வரி மறந்துவிடுகிறது

போன் மேசையில் இருக்கிறதா? அடுத்த அறையில் வைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். சிலருக்கு இதோடு முடிந்துவிடும்.

இல்லையென்றால், வாய்விட்டுப் படிக்கிறீர்களா என்று பாருங்கள். உச்சரிப்பில் கவனம் போய்விட்டால் பொருள் கைநழுவும். உச்சரிப்புக்குத் தனியாக நேரம் ஒதுக்கலாம், இங்கே மௌனமாகப் படியுங்கள்.

அடுத்து, பத்திக்குள் இருக்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓரத்தில் மூன்றே சொல்லில் குறிப்பு எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரி. "ஹவெவர்", "நெவர்தெலெஸ்", "வேர்அஸ்" வந்த இடத்தில் கட்டம் போடுங்கள். ஆசிரியர் திரும்புகிற முனை அது, கேள்வியும் பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கும். "திஸ்", "சச்", "தே" வந்தால் அது எதைச் சுட்டுகிறதோ அதற்கு ஒரு அம்பு. அம்பு போட முடியாத இடத்தில்தான் நூல் அறுந்திருக்கிறது.

இதெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால், அதே நீளத்தில் ஒரு தமிழ்க் கட்டுரையைப் படித்து நாலு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். அதிலும் தடுமாறினால் பிரச்சினை ஆங்கிலத்தில் இல்லை. தூக்கம், களைப்பு, வேலை முடிந்து வந்து இரவு பதினோரு மணிக்குப் படிப்பது ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டுக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 4: புரிந்தது, ஆனால் விடை தப்பு

மிகவும் எரிச்சல் தரும் அறிகுறி. கதையை என்னிடம் பிசகாமல் சொல்வார்கள், பத்துக்கு நாலு வாங்குவார்கள்.

கட்டளையைப் படிக்காமல் விட்டிருக்கலாம். "நோ மோர் தேன் டூ வேர்ட்ஸ்" என்று கேட்ட இடத்தில் மூன்று சொல் எழுதினால் சரியான விடைக்கும் மதிப்பெண் கிடையாது. முதலில் பழைய விடைத்தாளை எடுத்து, இப்படி எத்தனை போயிற்று என்று எண்ணுங்கள்.

சொல்லைச் சொல்லோடு பொருத்தியிருக்கலாம். பத்தியில் உள்ள அதே சொற்களை அப்படியே தாங்கி நிற்கும் விடையைப் பார்த்ததும் கை தானாகப் போகும். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில் மாற்றி எழுதப்பட்டிருக்கும். அச்சு அசலாக இருக்கும் விடையைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

உங்கள் பொது அறிவு குறுக்கே வந்திருக்கலாம். ஐஈஎல்டிஎஸ்ஸில் "ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்" என்று வரும் பகுதியில் நம்மாட்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு பத்தி இவ்வளவுதான் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்: பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது, 1964 டிசம்பர் புயலில் பலத்த சேதமடைந்தது, 46 நாளில் சீரமைக்கப்பட்டது. இப்போது நாலு கூற்றுகள்.

"புயல் அடித்தபோது பாலத்துக்கு ஐம்பது வயது." இந்தச் சொற்கள் பத்தியில் எங்குமே இல்லை. ஆனாலும் ட்ரூ, ஏனென்றால் கழித்துப் பார்த்தால் வருகிறது.

"சீரமைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது." ஃபால்ஸ். பத்தி இதை நேராக மறுக்கிறது.

"அந்தப் புயலில் வேறெந்தப் பாலமும் சேதமடையவில்லை." நாட் கிவன். பத்தி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறுப்பதும் பேசாமல் இருப்பதும் ஒன்றல்ல.

"அந்தப் புயலில் ஒரு பயணிகள் ரயில் அடித்துச் செல்லப்பட்டது." தனுஷ்கோடி ரயிலின் கதை தெரியாத தமிழர் குறைவு. உடனே ட்ரூ போடுவார்கள். நடந்தது உண்மை, ஆனால் இந்தப் பத்தியில் இல்லை. எனவே நாட் கிவன்.

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றே: ஒவ்வொரு விடைக்கும் அதை நிரூபிக்கும் வரியின் மேல் விரல் வையுங்கள். வரி இல்லையென்றால் விடை உங்கள் தலைக்குள் இருந்து வந்தது.

விடையின் அளவு மிஞ்சியிருக்கலாம். பத்தி "சம்", "மே", "டென்ட் டு" என்று அடக்கிப் பேசும். விடை "ஆல்", "ஆல்வேஸ்", "ஓன்லி" என்று முழங்கும். அடக்கமான விடைக்கே சரியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பத்திக்குத் தலைப்பு கேட்டாலும் இதே கணக்குதான்: அதில் ஒரு பிரிவை மட்டும் மூடுகிற தலைப்பும் தப்பு, உலகத்தையே மூடுகிற தலைப்பும் தப்பு.

## அறிகுறி 5: நேரம் போதவில்லை

வேக வாசிப்பு வகுப்பில் பணம் கட்டும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஐஈஎல்டிஎஸ் அகடமிக் வாசிப்பில் மூன்று பத்திகளும் சேர்த்து 2150 முதல் 2750 சொல். நேரம் 60 நிமிடம், கேள்வி 40. நிமிடத்துக்கு 150 சொல் என்ற சாதாரண வேகத்தில் படித்தாலும் அதிகபட்சம் 18 நிமிடம் சொச்சத்தில் எல்லாம் படித்தாகிவிடும். மீதி நேரம் எங்கே போகிறது? விடையைத் தேடித் தேடி மறுபடி மறுபடி மேலே போவதில் போகிறது. அதற்கு மருந்து, அறிகுறி 3இல் சொன்ன ஓரக் குறிப்பு. எந்தப் பிரிவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் தேடல் பாதியாகும்.

உங்கள் வேகத்தை அளந்துவிடுங்கள். நிமிடத்துக்கு 100க்குக் கீழே என்றால்தான் வேகம் உண்மையான பிரச்சினை. மனதுக்குள் வரிக்கு வரி தமிழாக்கம் ஓடிக்கொண்டிருக்கும். எளிய புத்தகத்தை நிறையப் படிப்பதும், ஒரே பத்தியை இரண்டாம் முறை கடிகாரம் வைத்துப் படிப்பதும் அதைக் கரைக்கும்.

தேர்வுக்குத் தேர்வு உத்தி மாறும். வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ தேர்வின் முதல்நிலையில் ஆங்கிலத்துக்கு 20 நிமிடத்தில் 30 கேள்வி, அதாவது ஒன்றுக்கு 40 நொடி. அங்கே பிழை கண்டுபிடிப்பது, கோடிட்ட இடம் நிரப்புவது போன்றவற்றை முடித்துவிட்டுப் பத்திக்கு வருவது நல்லது. தப்புக்குக் கால் மதிப்பெண் போகும், எனவே கண்ணை மூடிக்கொண்டு குறிக்காதீர்கள். ஐஈஎல்டிஎஸ்ஸில் தப்புக்குக் கழிவில்லை, ஒன்றையும் காலியாக விடாதீர்கள். தாளில் எழுதும் தேர்வில், வாசிப்புப் பகுதிக்கு விடையைப் பெயர்த்தெழுதக் கூடுதல் நேரம் தரமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

## அறிகுறி 6: மாதக் கணக்கில் செய்தும் மதிப்பெண் நகரவில்லை

மாதிரித் தேர்வாகவே எழுதித் தள்ளுகிறீர்களா? தேர்வு நோயைக் காட்டுமே தவிர குணமாக்காது. வாரத்தில் ஒன்றிரண்டு போதும், மற்ற நாளில் உங்களுக்குப் பிடித்ததைப் படியுங்கள். கிரிக்கெட் ஆனாலும் சரி.

ஒரு நோட்டில் தப்பான ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன வகைக் கேள்வி, நான் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன், நிரூபிக்கும் வரி எது. "கவனக்குறைவு" என்று எழுதக் கூடாது, அது காரணமே இல்லை. முப்பது நாற்பது தப்பு சேர்ந்ததும் ஒரே வகை திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

## அறிகுறி 7: சில தலைப்பு வந்தால் மட்டும் படுத்துவிடுகிறது

அறிவியலோ பொருளாதாரமோ வந்தால் மட்டும் தடுமாற்றம் என்றால், அந்தத் துறையில் உங்களுக்குப் பரிச்சயம் இல்லை, அவ்வளவுதான். பணவீக்கம், ரெப்போ விகிதம், பவளப்பாறை போன்றவற்றைத் தமிழிலேயே முதலில் படித்துவிட்டு, அப்புறம் அதே விஷயத்தை ஆங்கிலத்தில் படியுங்கள்.

## ஆளைப் பார்க்க வேண்டிய நேரம்

கண். இருபது நிமிடத்தில் தலைவலி, வரி தாண்டிப் போவது, எழுத்து மங்குவது என்று இருந்தால் டியூஷனுக்கு முன் கண் மருத்துவரைப் பாருங்கள். நாற்பதைத் தொட்டவர்களுக்கு வெள்ளெழுத்தாக இருக்கலாம்.

கற்றல் குறைபாடு. சிறு வயதிலிருந்தே தமிழிலும் எழுத்துகள் இடம் மாறுவது, மிக மெதுவாகப் படிப்பது, எழுத்துப் பிழை தீராமல் இருப்பது என்றால் மருத்துவ உளவியலாளரிடம் போக வேண்டும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இந்த வேலையிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் ஒரு குறைபாடாக அங்கீகரிக்கிறது. தகுதி உள்ளவர்களுக்கு அரசுத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். சான்றிதழ் வாங்க நாளாகும், விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்பே தொடங்குங்கள்.

ஆசிரியர். அறிகுறி 2இல் ஒரு மாதம் உழைத்தும் நகரவில்லை, அல்லது தப்பு நோட்டில் ஒரே வகை வந்துகொண்டே இருக்கிறது என்றால் காசு செலவழிக்கலாம். போகும்போது அந்த நோட்டையும் அடிக்கோடிட்ட பத்திகளையும் கொண்டுபோங்கள். "நான் படிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் சொற்பட்டியலை நீட்டினால் வேறு ஆளைத் தேடுங்கள்.